வெளிச்சத்தில் வைத்தல்

ஜின்ஜா,
8 ஜனவரி 1961

அன்புள்ள கெத்துரா அக்காவுக்கு,

தங்கை பெரேசி எழுதுவது. நீங்களும் அத்தானும் என் மகள் மேராபுவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம். மலைக்குளிரில் அத்தானின் இருமல் கூடியிருக்கும். மருந்து அனுப்பியிருக்கிறேன், மூன்று வேளையும் கொடுங்கள்.

நல்ல செய்தி ஒன்று. ஏழு வருடமாக நர்சுகள் விடுதியில் ஒரு கட்டிலும் ஒரு பெட்டியுமாகக் கிடந்தேன். இப்போது ஆஸ்பத்திரியில் எனக்கு இரண்டு அறை வீடு கொடுத்திருக்கிறார்கள். குழாய் வாசலிலேயே இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் பெண்கள் பள்ளிக்கூடம். மே மாதம் மேராபுவைச் சேர்த்துக்கொள்வதாகத் தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். ஏப்ரல் 22, சனிக்கிழமை, பஸ்ஸில் வந்து அவளை அழைத்துப் போகிறேன்.

இரண்டு வயதில் உங்களிடம் விட்டேன். இப்போது ஒன்பது. உங்களுக்கென்று ஒரு பிள்ளை இல்லாத குறையே தெரியாமல் அவளை வளர்த்தீர்கள். அந்த நன்றியை எழுத எனக்கு வராது. போன தடவை வந்தபோது அவள் என்னை "நர்ஸ் அம்மா" என்று கூப்பிட்டாள். சிரித்துவிட்டேன். பஸ் கபாலேயைத் தாண்டிய பிறகு அழுதேன்.

அவளுக்கு ஒரு நீல கவுன் அனுப்புகிறேன். வெள்ளைக் காலர் நானே தைத்தது.

உங்கள் தங்கை,
பெரேசி


ருவமிகோ, கபாலே வழி,
2 பிப்ரவரி 1961

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான தங்கை பெரேசிக்கு,

ஒன்றுக்கும் உதவாத பாவி கெத்துரா எழுதிக்கொள்வது. கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். அத்தான் இருமிக்கொண்டே துதிக்கிறார். உன் சுகத்துக்காகத் தினமும் முழங்கால் போடுகிறோம்.

உன் கடிதத்தைப் படித்ததும் சந்தோஷப்பட முயன்றேன். முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஐக்கியக் கூட்டத்தில் சபை மூப்பர் எசிரா பிடாரிஹோவிடம் சொன்னேன். அவர், "அவ மேல குத்தம் சொல்லாதே சகோதரி. உன் மனசுல கெடக்கிறதுக்கு நீ போய் மன்னிப்பு கேளு" என்றார்.

நீ ஊரை விட்டுப் போய் வெகுநாளாயிற்று, நம் பழக்கம் மறந்திருக்கும். நாங்கள் யாரையும் குற்றம் சாட்டுவதில்லை. ஒருவர் தப்புச் செய்தால், அதற்காக அவரை வெறுத்த எங்கள் பாவத்துக்கு நாங்களே அவர் காலில் விழுகிறோம். இதைத்தான் வெளிச்சத்தில் வைத்தல் என்கிறோம்.

ஆகவே மண்டியிட்டுக் கேட்கிறேன். மேராபு தட்டம்மையில் கண் திறக்காமல் கிடந்தபோது, "பிழைச்சா பிழைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நீ பஸ் ஏறிப் போனாயே, அதற்காக ஏழு வருடம் உன்னை வெறுத்தேன். என்னை மன்னித்துவிடு. உன்னைத் தாய் என்று சொல்லக் கூசினேன். அதையும் மன்னித்துவிடு. கவுனைப் பார்த்ததும், துணியால் பிள்ளையை விலைக்கு வாங்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். எவ்வளவு கெட்ட மனம் எனக்கு! காலரில் உலகத்தன்மை தெரிவதாகச் சகோதரிகள் துக்கப்பட்டதால் அதை மட்டும் வெட்டிவிட்டோம்.

நீ நீளமாக எழுத வேண்டாம். மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை எழுது. எனக்கு விடுதலை கிடைக்கும்.

உன் காலடியில்,
கெத்துரா


ஜின்ஜா,
14 பிப்ரவரி 1961

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கும் அத்தான் சுகத்துக்கும் வேண்டுகிறேன்.

உங்கள் கடிதம் இரண்டு பிரசவத்துக்கு நடுவே கையில் கிடைத்தது. நாலு பக்கத்தையும் பொறுமையாகப் படிக்க முடியவில்லை. மன்னிப்பு மன்னிப்பு என்று நிறைய எழுதியிருந்தது மட்டும் கண்ணில் பட்டது. நமக்குள் என்ன அக்கா இதெல்லாம்? மன்னித்தேன், மன்னித்தேன், எல்லாவற்றையும் மன்னித்தேன். என்னிடம் ஏதாவது குறை இருந்தால் நீங்களும் மன்னியுங்கள்.

மேராபுவின் பாதத்தை ஒரு தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து அனுப்புங்கள். பள்ளிக்கூடத்துக்குச் செருப்பு வாங்க வேண்டும்.

அவசரமாக,
பெரேசி


ருவமிகோ,
20 மார்ச் 1961

இரட்சகருக்குள் விலையேறப்பெற்ற தங்கை பெரேசிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீயும் சுகமென்று அறிந்து துதித்தோம். சுகம் மட்டுமா? நீ பாவத்தை உணர்ந்து உடைந்துவிட்டாய் என்பதையும் அறிந்தோம்.

உன் கடிதத்தை மூப்பர் எசிரா கூட்டத்தில் சத்தமாக வாசித்தார். மூன்று முறை மன்னித்தேன் என்று எழுதியிருக்கிறாய் என்று விரல் மடக்கிக் காட்டினார். "ஒப்புக்கிட்டா பாருங்க! நடக்காத குத்தமா இருந்தா என்ன சொல்லியிருப்பா? 'எதை மன்னிக்கிறது, அப்படி ஒண்ணுமே நடக்கலியே'ன்னு கேட்டிருப்பா. இவ கேக்கல. மன்னிச்சேங்கறா. அப்ப நடந்திருக்கு" என்றார். அறுபது பேரும் எழுந்து நின்று பாடினோம். சோளக்கஞ்சி ஆறிப்போயிற்று, யாருக்கும் அது தெரியவில்லை.

பிறகு சகோதரர்கள் கூடிப் பேசினார்கள். நோயில் கிடந்த பிள்ளையை விட்டுப் போனதாக ஒப்புக்கொண்ட தாயிடம் உடனே பிள்ளையைக் கொடுப்பது அன்பாகாது, அவளுடைய மனந்திரும்புதல் கனி கொடுக்கட்டும், இரண்டொரு வருடம் பார்க்கலாம் என்று முடிவானது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச எனக்கு என்ன தகுதி? கடைசிப் பாயில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

மேராபு முதல் வரிசையில் இருந்தாள். தட்டம்மை அவளுக்கு ஞாபகமில்லை. இப்போது தெரிந்துகொண்டாள்.

பாத அளவு கேட்டிருந்தாய். நம் பிள்ளைகளுக்குச் செருப்பு எதற்கு?

உன்னிலும் சிறியவளான,
கெத்துரா


ஜின்ஜா,
27 மார்ச் 1961

அக்கா,

நான் சுகமாக இல்லை. உன் சுகத்தை விசாரிக்கவும் மனமில்லை.

நான் எதை ஒப்புக்கொண்டேன்? தட்டம்மை இறங்கி மூன்றாம் நாள்தான் புறப்பட்டேன். மேராபு எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். நான் போக மாட்டேன் என்று அழுதேன். "போடி பைத்தியம், பரீட்சை வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். பிள்ளையை நான் பாத்துக்க மாட்டேனா?" என்று என் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் மலை இறங்கியவள் நீ. "பிழைச்சா பிழைக்கட்டும்" என்று நான் சொன்னேனா? என் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வாயா?

மரியாதைக்கு எழுதிய ஒரு வார்த்தையை வைத்து என் வயிற்றில் பிறந்ததை எடுத்துக்கொள்வீர்களா? 22ஆம் தேதி வருகிறேன். உங்கள் வெளிச்சம் எனக்கு வேண்டாம். என் பிள்ளையைக் கொடு.

பெரேசி


ஜின்ஜா,
9 மே 1961

அக்கா,

ஊரிலிருந்து திரும்பி இரண்டு வாரமாகிறது. இன்று பள்ளிக்கூடம் திறந்தது. தலைமை ஆசிரியை ஆள் அனுப்பி, பிள்ளை எங்கே என்று கேட்டார். காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன்.

நான் சண்டைக்குத் தயாராகத்தான் வந்தேன். வாசலில் அறுபது பேர் காத்திருப்பார்கள் என்று நினைக்கவில்லை. நீ என் காலைக் கழுவச் சட்டியில் தண்ணீர் கொண்டுவருவாய் என்றும் நினைக்கவில்லை. "எந்திரி அக்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்றேன். "பாக்கட்டும் தங்கச்சி. எனக்கு இடம் உன் காலுக்குக் கீழதான்" என்றாய். என் கணுக்காலை நீ பிடித்த பிடியில் என்னால் ஓர் அடி நகர முடியவில்லை.

என் கோபக் கடிதத்தையும் எசிரா வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் நீ "என்னாலதான், என்னாலதான்" என்று மார்பில் அடித்துக்கொண்டாய். "பொய்! அவ சொல்றது பொய்!" என்று கத்தினேன். பின்னாலிருந்து யாரோ, "அய்யோ பாவம், இன்னும் உடையலியே" என்றார்கள். எசிரா என் தோளில் கை வைத்து, "ஏம்மா கத்தறே? நாங்க யாராச்சும் கத்தறோமா?" என்று கேட்டார். யாரும் கத்தவில்லைதான். என் பிள்ளையைப் பறித்துக்கொண்டு அறுபது பேரும் எவ்வளவு மெதுவாகப் பேசினீர்கள்!

"மேராபு, வாம்மா போகலாம்" என்றேன். நீ அவள் தலையைத் தடவி, "போறதுன்னா போடா கண்ணு. நான் தடுக்க மாட்டேன். நான் யாரு, பெறாதவ" என்றாய். அவள் உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டாள்: "நர்ஸ் அம்மா, எனக்கு மறுபடி நோவு வந்தா மறுபடி விட்டுட்டுப் போயிருவீங்களா?"

செருப்புப் பெட்டியைப் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். உங்களிடம் எந்தப் பாஷையில் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பெரேசி


ருவமிகோ,
30 மே 1961

நேசத்துக்குரிய தங்கை பெரேசிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? மெலிந்திருந்தாய். சகோதரிகள் எல்லாரும் அதைத்தான் சொல்லிச் சொல்லி வருந்தினார்கள்.

செருப்பு ஒரு விரல் சின்னதாகப் போயிற்று. உன்மேல் தப்பில்லை. கூட இருந்து பார்க்காத பிள்ளையின் கால் எவ்வளவு என்று உனக்கு எப்படித் தெரியும்? அப்படி நினைத்ததற்காக உடனே மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

எந்தப் பாஷையில் பேசுவது என்று கேட்டாய். அக்காவாகச் சொல்கிறேன். நீ நின்றுகொண்டு பேசினாய். நாங்கள் எல்லாரும் மண்டியிட்டிருந்தோம். அன்றைக்கு நீயும் மண்டியிட்டு, எனக்கும் கீழே போய்ப் பேசியிருந்தால், என்ன செய்வதென்று எங்களுக்கே தெரிந்திருக்காது. கோபத்தால் யாரையும் ஒன்றும் செய்ய முடியாது பெரேசி. சாந்தத்தைக் கற்றுக்கொள்.

மேராபு இப்போது என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இதையும் உன் முன் வெளிச்சத்தில் வைக்கிறேன்.

தாழ்மையுடன்,
கெத்துரா


ஜின்ஜா,
30 ஆகஸ்டு 1961

கர்த்தருக்குள் கனம்பொருந்திய மூப்பர் எசிரா பிடாரிஹோ ஐயா அவர்களுக்கு,

மனிதரில் கடைப்பட்டவளான பெரேசி எழுதிக்கொள்வது. தங்கள் சுகத்தையும், தங்கள் வீட்டம்மாவின் சுகத்தையும், ஐக்கியத்தார் அனைவரின் சுகத்தையும் தாழ்மையுடன் விசாரிக்கிறேன்.

மூன்று மாதம் மௌனமாக இருந்து என்னை ஆராய்ந்து பார்த்தேன். ஏப்ரலில் கத்தினேனே, அந்தக் கத்தலின் வேர் எங்கே என்று தேடினேன். என் அருமை அக்காவை நான் வெறுத்திருக்கிறேன் ஐயா. அந்தப் பாவத்தை வெளிச்சத்தில் வைக்கிறேன்.

பிள்ளை வேண்டும் என்று அக்கா முன்பு ஒரு மந்திரவாதியிடம் போய் ஆட்டுக்கொம்பில் மருந்து அடைத்து வாங்கிவந்தார். யாருடைய பிள்ளையாவது இந்த வீட்டில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று அதைப் புதைத்தார். இரட்சிக்கப்பட்ட பிறகு எறிந்திருப்பார் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். ஏப்ரலில் மேராபுவின் கட்டிலுக்கு அடியில் மண் புதிதாய்க் கிளறியிருந்ததைப் பார்த்தேன். பார்த்த நொடியிலிருந்து அக்காவை வெறுத்தேன். சகோதரியைச் சந்தேகித்த இந்தக் கேடான இருதயத்தை என்னவென்று சொல்வேன்!

அக்கா என்னை மன்னிப்பாரா என்று சபை நடுவே கேட்டுச் சொல்லுங்கள். நீளமான பதில் தேவையில்லை. ஒரு வார்த்தை போதும்.

தங்கள் எல்லாருடைய காலடியிலும்,
பெரேசி


ருவமிகோ,
25 செப்டம்பர் 1961

கர்த்தருக்குள் அன்பான மகள் பெரேசிக்கு,

எசிரா பிடாரிஹோ எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். உன் கடிதத்தை வாசித்தபோது என் கண்ணாடி நனைந்துவிட்டது. கடைசியில் உடைந்தாய், மகளே.

சபை நடுவே உன் அக்காவிடம் கேட்டேன். "ஐயா, அதை எறிஞ்சு எத்தனையோ வருஷமாச்சு, சத்தியமா" என்றாள். "சகோதரி, அவ உன்னைக் குத்தமா சொல்றா? மன்னிப்புல்ல கேக்கறா. மன்னிக்க மாட்டியா?" என்றேன். "இல்லாததை எப்படி ஐயா மன்னிக்கிறது?" என்று குரல் உயர்த்தினாள். கெத்துரா குரல் உயர்த்தி நாங்கள் கேட்டதே இல்லை. சபை மிகவும் துக்கப்பட்டது.

கட்டிலை நகர்த்தித் தோண்டினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. மாற்றியிருக்கிறாள் என்று புரிந்துகொண்டு அடுப்படியையும் வாசற்படியையும் தோண்டினோம். அங்கும் இல்லை. மாலையில் தோண்டிய மண்மேல் உட்கார்ந்து, "மன்னிச்சேன். போதுமா? பிள்ளையை மட்டும் எங்கிட்ட விட்டுடுங்க" என்றாள். துதி செலுத்தினோம்.

ஆனால் மந்திரக் கொம்பு வைத்ததாக ஒப்புக்கொண்டவள் வீட்டில் பிள்ளையை எப்படி விடுவது? நோயில் விட்டுப் போனதாக ஒப்புக்கொண்ட உன்னிடம் எப்படி அனுப்புவது? மேராபு இனி என் வீட்டில் வளர்வாள். நீங்கள் இருவரும் ஒரே வெளிச்சத்தில் நடக்கும் நாள் வந்தால் பார்க்கலாம். கெத்துரா இப்போது கூட்டத்தில் வாசலுக்கு வெளியே உட்காருகிறாள். மழை வந்தால் உள்ளே வரலாம் என்று சொல்லியிருக்கிறோம்.

சமாதானத்தில்,
எசிரா பிடாரிஹோ


ருவமிகோ,
3 அக்டோபர் 1961

பெரேசி,

அந்தக் கொம்பை எறிந்தது நீ. எறிய எனக்குத் துணிச்சல் வரவில்லை. "இங்க குடு" என்று பிடுங்கி, நாணலுக்கு நடுவே சதுப்பில் நீதான் வீசினாய். உனக்கு அப்போது பதினேழு வயது. உன்னைத் தவிர வேறு யாருக்கும் நான் அதைச் சொன்னதில்லை.

தட்டம்மை இறங்கிய பிறகுதான் நீ போனாய். உன்னைப் போகச் சொன்னதும் நான். உன் கடிதத்தில் அவளைக் கூட்டிப் போகும் தேதி இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

நீ வா. இரண்டு பேரும் நின்றுகொண்டு நடந்ததைச் சொல்லிவிடலாம். நான் உன்னைப் பற்றிச் சொன்னது பொய் என்று நான் சொல்கிறேன். நீ என்னைப் பற்றி எழுதியது பொய் என்று நீ சொல். இரண்டு பேரும் ஒரே வாயாகச் சொன்னால் எசிரா பிள்ளையைப் பிடித்து வைக்க முடியாது. அப்புறம் நீ அவளை ஜின்ஜாவுக்குக் கூட்டிப் போ. நான் தடுக்க மாட்டேன். இந்தத் தடவை உண்மையாகவே சொல்கிறேன்.

எசிரா வீட்டில் அவளுக்கு ஒரு போர்வைதான். அவளுக்குக் கால் சில்லிட்டுப் போகும். சீக்கிரம் வா.

கெத்துரா


ஜின்ஜா,
12 அக்டோபர் 1961

கர்த்தருக்குள் அன்பான அக்கா அவர்களுக்கு,

நான் சுகம். தங்கள் சுகத்தையும் அத்தான் சுகத்தையும் அறிய ஆவல்.

தங்கள் கடிதம் கிடைத்தது. நிதானமாக, ஒவ்வொரு வரியாகப் படித்தேன். சதுப்பு என்று ஏதோ எழுதியிருந்தீர்கள். எனக்கு ஞாபகமில்லை. மேராபு விஷயமாக மூப்பர் ஐயாவுக்கே தாழ்மையாகத் தனியே எழுதியிருக்கிறேன். அவர் என்னை மகளே என்று அழைக்கிறார்.

தங்களை மன்னித்தேன்.

பெரேசி


ருவமிகோ, மூப்பர் வீடு,
20 நவம்பர் 1961

கர்த்தருக்குள் அன்பான பெரேசி அம்மாவுக்கும், கர்த்தருக்குள் அன்பான கெத்துரா பெரியம்மாவுக்கும்,

மேராபு எழுதுவது. நான் சுகம். நீங்கள் சுகமா? இதே கடிதத்தை இரண்டு தடவை எழுதுகிறேன். ஒன்று ஜின்ஜாவுக்குத் தபாலில் போகும். ஒன்று வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மாவிடம் போகும்.

இங்கே ஏழு பிள்ளைகள். நான் எட்டாவது. காலையில் இரண்டு நடை தண்ணீர் எடுக்கிறேன். பட்டாணி உரிக்கிறேன். மூப்பர் வீட்டம்மா அடிப்பதில்லை. நான் தப்புச் செய்தால் அவர்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் என் பாவங்களைச் சொல்லி முதல் முறை சாட்சி சொன்னேன். பெரியவர்கள் அழுதார்கள். நான் அழவில்லை. "இந்த வயசுல என்ன சாந்தம் பாரு" என்று மூப்பர் தாத்தா சொன்னார்.

இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். அம்மா, நான் நோயில் கிடந்தபோது விட்டுப் போனதற்காக உங்களை வெறுத்தேன். பெரியம்மா, என் கட்டிலுக்கு அடியில் பிசாசைப் புதைத்ததற்காக உங்களை வெறுத்தேன். இரண்டையும் நான் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் இரண்டு பேரும் மன்னித்தேன் என்று சொல்லிவிட்டீர்கள், அதனால் நடந்ததுதான் என்று தாத்தா சொன்னார்.

நீங்கள் பதில் எழுதும்போது மன்னித்தேன் என்று மட்டும் எழுதுங்கள். வேறு எது எழுதினாலும் அதையும் கூட்டத்தில் வாசிப்பார்கள்.

அந்தப் பதில் இரண்டும் வந்துவிட்டால், ராத்திரி ஜெபத்தில் உங்கள் பெயர்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதை நான் நிறுத்திவிடலாமாம். இப்போது தினமும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
மேராபு